புது டிராக்டரில் 11.4 மணி: எடுக்கலாமா, வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் இருப்பது பெரம்பூரில். ஊத்துக்கோட்டை பக்கம் அப்பாவுக்கு 6 ஏக்கர் நிலம் இருக்கிறது. இத்தனை காலம் வாடகை வண்டியை நம்பித்தான் உழவு. இந்த நவரை நெல் பருவத்துக்காவது சொந்த வண்டி வேண்டும் என்று, செங்குன்றம் பக்கத்தில் ஒரு டீலரிடம் 45 எச்.பி. டிராக்டருக்கு முன்பணம் கட்டினோம். பஞ்சாபில் தயாராகி லாரியில் வரும் வண்டி. போன வாரம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், என்ஜின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரில் 11.4 என்று காட்டுகிறது. கேட்டதற்கு, "கம்பெனியிலிருந்து வரும்போதே இப்படித்தான் சார் வரும்" என்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நின்ற அதே மாடல் வண்டியில் 2.1தான் இருந்தது. பாங்கில் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. பணம் இன்னும் டீலருக்குப் போகவில்லை, பில்லும் போடவில்லை. "பொங்கலுக்கு முன்னால் நல்ல நாள் பார்த்தாச்சு, பத்து மணி நேரத்துக்காகத் தகராறு எதற்கு" என்கிறார் அப்பா. புது வண்டியில் எத்தனை மணி வரை இருக்கலாம்? வேண்டாம் என்று சொன்னால் செல்லுமா? இன்னொன்று: புது வண்டியை முதல் ஒரு வாரம் சும்மா ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். சரியா?

அன்புள்ள பெரம்பூர் வாசகருக்கு,

பில் போடும் முன்பே மீட்டரைப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. டிராக்டர் சர்வீஸ் துறையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது வேறு வகை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை ஊருக்குக் கொண்டுபோய், முதல் சர்வீஸுக்கு வரும்போதுதான் "எடுக்கும்போதே இதில் 20 மணி இருந்ததாமே" என்று கேட்பார்கள். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை மணிக்கு மேல் ஓடியிருந்தால் அது புது வண்டி இல்லை என்று எந்தச் சட்டமும் எண் போட்டு வைக்கவில்லை. நான் சொல்வது தொழில் அனுபவத்தில் வந்த கணக்கு. 5 மணி வரை இருந்தால் பேச்சே வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம். 5லிருந்து 10 வரை இருந்தால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நியாயமான பதில் வந்தால் சரி. 10ஐத் தாண்டினால் பதில் எழுத்தில் வர வேண்டும். 20ஐத் தாண்டிய வண்டியை, யார் என்ன சொன்னாலும், வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டிய டெமோ வண்டி என்றே எடுத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் 11.4 மூன்றாவது வகையில் வருகிறது. அதனால் உடனே "வேண்டாம்" என்றும் சொல்ல மாட்டேன், அப்பா சொல்வதுபோல் விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

"கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வரும்" என்பதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம். ஆலையில் என்ஜினைத் தனியாக டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரம் உங்கள் மீட்டரில் ஏறாது. அப்போது வண்டியே கிடையாது, மீட்டர் எங்கே இருக்கும்? முழு வண்டியாகக் கூட்டிய பிறகு பிரேக், கியர், ஹைட்ராலிக் எல்லாம் பார்க்க ஒரு ஓட்டம். அங்கிருந்து யார்டுக்கு, யார்டிலிருந்து லாரிக்கு. வழியில் ஸ்டாக் யார்டில் இறக்கி வைத்தால் இறக்க ஒரு முறை, மறுபடி ஏற்ற ஒரு முறை. டீலரிடம் வந்ததும் இறக்க, இடம் மாற்றி நிறுத்த. டெலிவரிக்கு முன் செய்யும் பி.டி.ஐ. என்ற பரிசோதனைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி. பேட்டரி இறங்காமல் இருக்க நடுநடுவே ஸ்டார்ட் செய்து வைப்பது. எல்லாவற்றையும் தாராளமாகவே கூட்டினாலும் 3, 4 மணிக்கு மேல் போவது சிரமம். பஞ்சாபிலிருந்து இங்கே 2000 கிலோமீட்டருக்கு மேல் என்றாலும் அவ்வளவு தூரமும் லாரி மேல் சும்மா உட்கார்ந்து வந்த வண்டி அது. தூரத்துக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லை. அதே ஆலையிலிருந்து, அதே மாதிரி லாரியில் வந்த பக்கத்து வண்டியில் 2.1 இருப்பதே இதற்குச் சாட்சி. மிச்சம் 9 மணி எங்கே போனது? டீலரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்.

கேட்பதற்கு முன்னால் மீட்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊசி டயலுக்குள் எண் சக்கரங்கள் உருளுகிற பழைய வகை இன்னும் பல வண்டிகளில் வருகிறது. அது கடிகாரம் இல்லை. கேபிள் வழியாக என்ஜின் சுற்றுகளை எண்ணுகிற கருவி. இத்தனை சுற்று ஆனால் ஒரு மணி என்று அதற்குள் ஒரு கணக்கு இருக்கும். எந்த வேகத்தை வைத்து அந்தக் கணக்கு என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பேச்சுக்கு நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வண்டி 750 சுற்றில் ஐடிலில் நின்றால் நிஜத்தில் ஒரு மணி ஓடினாலும் மீட்டரில் அரை மணிதான் ஏறும். 2000 சுற்றில் ரோட்டில் ஓட்டினால் முக்கால் மணியிலேயே ஒரு மணி ஏறிவிடும். ஆக அந்த 11.4, வேகமாக ஓட்டப்பட்ட வண்டிக்கு நிஜத்தில் எட்டரை மணி. ஐடிலிலேயே நின்ற வண்டிக்கு 23 மணிக்குக் கிட்டே. எண் ஒன்றுதான், நடந்தது வேறு வேறு.

டிஜிட்டல் மீட்டர் என்றால் பெரும்பாலும் நிஜ நேரம்தான். அதிலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஒரு பத்து நிமிடம் விடுங்கள். கடைசி இலக்கம் நகர்ந்தால், அந்த மீட்டர் சாவி ஆனில் இருந்தாலே ஓடுகிற வகை. யாராவது சாவியைத் திருப்பியே விட்டுப் போயிருந்தால் ஓடாத மணியும் ஏறியிருக்கலாம். அப்படி இருந்தால் டீலருக்கு அது நல்ல பதில், உங்களுக்கும் நிம்மதி. அப்புறம் ஒரு சின்ன விஷயம்: எண் சக்கர மீட்டரில் கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருக்கும், அது மணியில் பத்தில் ஒரு பாகம். அந்த நிறத்தைக் கவனிக்காமல் 114 மணி என்று படித்துச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. நீங்கள் புள்ளி வைத்து எழுதியிருப்பதால் சரியாகத்தான் படித்திருப்பீர்கள்.

சரி, அந்த 9 மணி வயலில் போயிருக்கிறதா? இதற்கு மீட்டரை விட வண்டியின் பின்பக்கம் நன்றாகப் பதில் சொல்லும். பகல் வெளிச்சத்தில், ஒரு டார்ச்சும் ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பின்னால் குனிந்து, மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டின் மூடியைக் கழற்றுங்கள். புது ஷாஃப்டின் பற்களில் பெயின்டோ துரு பிடிக்காமல் தடவிய கிரீஸோ மெழுகோ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டிய ஷாஃப்டில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஷாஃப்ட் ஒரே திசையில்தான் சுற்றுகிறது, பாரம் அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது. கிரீஸை மறுபடி தடவி மறைக்கலாம், தேய்ந்த பளபளப்பைத் தேயாததாக ஆக்க முடியாது. அடுத்து, கலப்பை மாட்டும் இரண்டு கீழ்க் கைகளின் முனையில் இருக்கும் உருண்டைகளைப் பாருங்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு தடவை கலப்பையின் பின் நுழைந்து வேலை செய்திருந்தாலே உள்ளே பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும். ஷோரூமில் மாட்டிக் காட்டியதற்கும் கீறல் விழும்தான். ஆனால் வயலில் வேலை செய்த உருண்டையில் கீறல் மட்டும் இருக்காது, சுற்றிலும் தேய்மானம் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பிறகு ஏர் கிளீனர். இந்தக் குதிரைத்திறனில் பல வண்டிகளில் இன்னும் ஆயில் பாத் வகைதான் வருகிறது. கீழே இருக்கும் கிண்ணத்தைக் கிளிப் தளர்த்தி இறக்கச் சொல்லுங்கள். யார்டில் மட்டும் நகர்ந்த வண்டியில் அந்த எண்ணெய் ஊற்றினபடியே தெளிவாக இருக்கும். காய்ந்த நிலத்தில் சில மணி நேரம் ரோட்டவேட்டர் ஓடியிருந்தால் விரலை விட்டால் அடியில் நறநறவென்று மண் தட்டுப்படும். வண்டியைக் கழுவுகிறவர்கள் வெளியேதான் கழுவுவார்கள்; டீலரிடம் நான் முதலில் திறக்கச் சொல்வது இந்தக் கிண்ணத்தைத்தான். டிரை வகை ஃபில்டர் என்றால் வெளிப் பேப்பரைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினால் போதும், தூசி கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ரேடியேட்டர் இடுக்கில் வைக்கோல் துணுக்கு, பின் ஆக்ஸில் அடியில் காய்ந்த சேறு, மட்கார்டு உள்பக்க மடிப்பில் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். டயரில் அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகள் நின்றால் நல்லது. டயரின் மேடான பட்டன்களின் முனை மழுங்கியிருந்தால் ரோட்டில் நிறைய ஓடியிருக்கிறது.

என்ஜின் ஆயில் கறுத்திருக்கிறதா என்று டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. டீசல் என்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுக்கும். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மீட்டரை யாராவது கழற்றி வைத்து ஓட்டியிருப்பார்களோ என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். 50 எச்.பி.க்கு மேல் உள்ள டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் 4 மாசு விதி வந்த பிறகு, அந்த வண்டிகள் பொதுவாக எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு வருகின்றன. என்ஜின் ஓடிய மணியை அந்த எலெக்ட்ரானிக் பெட்டியும் வைத்திருக்கும், சர்வீஸ் ஆள் கருவியைச் சொருகிப் படித்துக் காட்டலாம். உங்களுடையது 45 எச்.பி., எலெக்ட்ரானிக் இல்லாத சாதாரண டீசல் பம்ப் வண்டியாகத்தான் இருக்கும். அதனால் மேலே சொன்ன உடல் அடையாளங்கள்தான் துணை. ஆனால் ஒன்று: மீட்டரை நிறுத்தி வைத்து ஏமாற்றுகிற ஆள் அதில் 11.4ஐ விட்டு வைக்க மாட்டார். உங்கள் டீலர் மறைக்கவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாமல் சேல்ஸ் பையன்கள் இரண்டு, மூன்று ஊரில் காட்டிவிட்டு வந்திருப்பார்கள். அது அடிக்கடி நடக்கிற கதைதான்.

வயலில் ஓடியதாகவே தெரிந்தால் அது எவ்வளவு கெடுதல்? உள்ளதைச் சொல்கிறேன்: என்ஜினின் ஆயுள் பல ஆயிரம் மணி. அதில் 9 மணி ஒன்றுமே இல்லை. வாரன்டி 2000 மணி என்று இருந்தால் அதிலும் அரை சதவீதம்தான் போயிருக்கிறது. கவலை மணிக் கணக்கில் இல்லை, அது எப்படிப்பட்ட மணி என்பதில் இருக்கிறது. புது என்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று படிவது இந்த முதல் 50 மணிக்குள்தான். டெமோ ஓட்டுகிற பையன், வாங்க வந்தவர் முன்னால் வண்டியின் பலத்தைக் காட்ட, சூடு ஏறும் முன்பே முழு ஆக்ஸிலேட்டரில் ஆழமாகக் கலப்பையை இறக்குவான். கிளட்சைப் பாதி மிதித்தபடியே பாரத்தை இழுப்பான். அதனால் டெமோ வண்டியில் என்ஜினை விட கிளட்சைத்தான் நான் சந்தேகப்படுவேன். பெரிய கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். என்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் கிளட்ச் வழுக்கினாலோ கருகின வாசனை வந்தாலோ அந்த வண்டி வேண்டாம். முன்னால் ஆள் யாரும் இல்லாமல் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மணியை விட எனக்கு அதிகக் கவலை தருவது வண்டி எத்தனை மாதம் நின்றது என்பது. அந்த 2.1 மணி வண்டியைப் பார்த்ததும் "இதையே கொடுங்கள்" என்று கேட்கத் தோன்றியிருக்கும். அது பத்து மாதம் மழையிலும் வெயிலிலும் யார்டில் நின்ற வண்டியாக இருந்தால், 11.4 மணி ஓடிய போன மாத வண்டியே மேல். நின்ற வண்டியில் டீசல் டேங்கில் ஈரம் சேரும், பேட்டரி உள்ளுக்குள் செத்திருக்கும், டயர் ஒரே பக்கம் அமுங்கும், கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். தயாரித்த மாதமும் வருடமும் படிவம் 22ல் இருக்கும். ஆலை தரும் தகுதிச் சான்று அது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3224 என்றால் 2024ன் 32வது வாரம். ஜனவரியில் வண்டி எடுக்கிற உங்களுக்கு இது இன்னும் முக்கியம். டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் எடுத்தாலும், நாளைக்கு விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தயாரிப்பு வருடத்தைத்தான் பார்ப்பார்கள். போன வருட வண்டி என்றால் விலையில் அதற்கு ஒரு தள்ளுபடி கேளுங்கள், டீலர்கள் எதிர்பார்ப்பதுதான்.

நம் ஊரில் இதோடு வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையைச் சுற்றி எத்தனை யார்டுகளில் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தாழ்ந்த இடத்தில் இருக்கும் யார்டுகளில் முழங்கால் அளவு வந்துதான் போகிறது. டிராக்டருக்கு முழங்கால் தண்ணீர் ஒன்றும் இல்லை, சேடை ஓட்டும்போது சேற்றில்தானே நிற்கிறது என்று நினைப்பீர்கள். ஓடுகிற வண்டி வேறு, நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டி வேறு. பின் ஆக்ஸில் பெட்டியிலும் கிளட்ச் ஹவுசிங்கிலும் தண்ணீர் மெல்ல இறங்கும். கியர் பாக்ஸ் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் போல்ட்டில் துரு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கட்டில் வண்டல் கோடு, இவை இருந்தால் மீட்டரில் 1 மணி இருந்தாலும் தொடாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லலாம், அதுவும் இப்போதுதான் சொல்ல வேண்டும். பில், இன்சூரன்ஸ், பதிவு எதுவும் உங்கள் பெயரில் ஏறாத வரை அது டீலருடைய வண்டி. ஏறிவிட்டால், திருப்பி எடுத்தாலும் அவருக்கு அது செகண்ட் ஹேண்ட். நியாயமான டீலரே தயங்குவார். கடன் பணம் போகாமல் இருப்பது உங்களுக்கு இன்னும் பெரிய பலம். பாங்க் மேனேஜரிடம், வண்டியைப் பார்த்துச் சரி என்று நான் எழுதிக் கொடுத்த பிறகு பணத்தை விடுங்கள் என்று சொல்லி வையுங்கள். பில்லில் எந்தச் சேஸிஸ் எண், எந்த என்ஜின் எண் என்பதை நீங்களே வண்டியில் படித்து ஒப்பிடுங்கள். பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று ஆகிவிடக் கூடாது.

டீலரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். "மீட்டரில் 11.4 இருக்கிறது, எதற்காக ஓடியது என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். டெமோவுக்கு ஓடியிருந்தால் அதையே எழுதுங்கள், விலையைப் பேசிக்கொள்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையானவர் என்றால் இரண்டில் ஒன்று செய்வார்: வேறு வண்டி தருவார், அல்லது ஒத்துக்கொண்டு விலை குறைப்பார். டெமோ என்று எழுதி, விலையும் குறைத்து, வாரன்டி உங்கள் பில் தேதியிலிருந்து முழுதாக உண்டு என்பதும் எழுத்தில் வந்தால், மேலே சொன்ன சோதனைகளில் தேறின வண்டியை நானே எடுப்பேன். விலைக்குப் பதிலாக இலவசமாக ஹூக், பம்பர், மேல் கூரை தருகிறேன் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் சர்வீஸ் ஆயிலும் ஃபில்டரும் சேர்த்துக் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டேன், எல்லா வண்டியும் இப்படித்தான் என்றே நின்றால், முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய பொருளையோ பயன்படுத்திய பொருளையோ புதிது என்று காட்டி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக முறை. சொந்த நிலத்தில் பிழைப்புக்காக உழ வாங்குகிறீர்கள் என்பதால் அப்பாவும் நுகர்வோர்தான். "டிராக்டர் வணிகப் பொருள்" என்ற வாதம் அவரிடம் செல்லாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதற்கும் மேல் போக வேண்டி வந்தால், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதைச் சொல்வது நீங்கள் கேஸ் போட வேண்டும் என்பதற்காக இல்லை. டீலரிடம் பேசும்போது கால் நடுங்காமல் பேசத்தான்.

அப்பாவின் நல்ல நாளையும் பார்த்துவிடுவோம். நவரைக்கு உழவு தள்ளிப்போகக் கூடாது என்பது நியாயம். ஆனால் டீலருக்கும் அந்த நாள் தெரியும், அவசரப்படுத்துவதும் அதனால்தான். வேறு வண்டி வர ஒரு வாரம் ஆகும் என்றால், இந்த ஒரு உழவை வாடகை வண்டியில் முடித்துவிடலாம். இத்தனை வருடம் அப்படித்தானே ஓடியது.

எந்த வண்டியை எடுத்தாலும், கையெழுத்துப் போடும் முன் சாவியை ஆன் செய்து மீட்டரையும் சேஸிஸ் எண்ணையும் போனில் படம் எடுங்கள். டெலிவரி சலானிலும் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அந்த எண்ணை டீலர் கையாலேயே எழுத வையுங்கள். செங்குன்றத்திலிருந்து ஊத்துக்கோட்டைக்கு 35 கிலோமீட்டர் போல இருக்கும். பெரியபாளையம் வழியாக ஓட்டிக்கொண்டே போனால் ஒன்றரை மணி, சுற்று எண்ணுகிற மீட்டரில் 2 மணி வரை ஏறும். அது உங்கள் கணக்கு. பிறகு "எடுக்கும்போது 13 இருந்தது" என்று சொன்னால் செல்லாது, அதனால்தான் படம்.

முதல் சர்வீஸை மீட்டரில் 50 வரும்போது செய்யுங்கள். நாம் எடுத்த பிறகு 50 என்று கணக்குப் போட்டால் 11.4ல் எடுத்த வண்டிக்கு அது 61 ஆகிவிடும். புது என்ஜினில் முதல் ஆயில்தான் இரும்புத் துகளை எல்லாம் சுமக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. நாளைக்கு வாரன்டி கேட்கும்போதும் முதலில் பார்ப்பது அந்தக் கூப்பனில் இருக்கும் மணியைத்தான்.

கடைசியாக மாமா சொன்னது. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, செய்யாமல் விட்டுவிடுங்கள். புது டீசல் என்ஜினுக்கு ஐடிலில் நிற்பதுதான் ஆகாது. பாரம் இல்லாமல் ஓடும்போது ரிங்கை சிலிண்டர் சுவரில் அழுத்துவதற்குப் போதிய அழுத்தம் உள்ளே இருக்காது. சுவர் கண்ணாடி மாதிரி மழமழவென்று ஆகிவிட்டால் பிறகு ரிங் படியவே படியாது, ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். முதல் 50 மணியும் வேலை கொடுங்கள், ஆனால் நடுத்தர வேலை. காலையில் இரண்டு, மூன்று நிமிடம் சூடேறட்டும். ஐந்து கொத்துக் கலப்பையோ ஒன்பது கொத்தோ, அளவான ஆழத்தில், முழு ஆக்ஸிலேட்டருக்குப் போகாமல், ஒரே வேகத்திலும் நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கேஜ் வீல் மாட்டிச் சேடை ஓட்டுவதும், மணல் ஏற்றிய டிரெய்லரை இழுப்பதும் 50க்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தினமும் ஆயிலையும் தண்ணீரையும் பாருங்கள், சக்கர நட்டுகளை ஸ்பானர் போட்டு இறுக்குங்கள். புது வண்டியில் அவை தளரும்.